நடுவில் நிற்பது

இருண்ட மேகத்தின் இடது ஓரத்தில் மூன்று நட்சத்திரங்கள் முக்காலிக் கால்கள் போல நெருங்கி நிற்கும். சாருலதாவுக்கு அவை மனப்பாடம். சனிக்கிழமை காலை, மேஜைமேல் காப்பி ஏடு படிந்து ஆறிக்கொண்டிருக்க, புதிதாகத் தயாரான படத்தைத் திரையில் பெரிதாக்கியபோது அங்கே இரண்டுதான் இருந்தன.

"கர்மம்" என்று முணுமுணுத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆரம்பிப்பது சின்ன வேலை இல்லை. வானத்தில் அத்தனை மங்கலாக இருக்கும் ஒன்றை ஒரே சொடுக்கில் படமெடுத்துவிட முடியாது. ஐந்தைந்து நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் கேமராவில் நூற்றுக்கணக்கான ஃப்ரேம்கள் எடுக்கவேண்டும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். குறுக்கே போன விமானம், செயற்கைக்கோள் இழுத்த கோடு இவற்றையெல்லாம் மென்பொருளைக் கொண்டு கழிக்கவேண்டும். அந்த மென்பொருள் சில சமயம் அதிகப்பிரசங்கித்தனமாக நல்ல நட்சத்திரத்தையும் குப்பை என்று தூக்கிப் போட்டுவிடும். அதுதான் ஆகியிருக்கிறது என்று நினைத்தாள். கட்டுப்பாடுகளைத் தளர்த்தி மறுபடி ஓடவிட்டாள். லாப்டாப்பின் விசிறி உயிர் போவதுபோல் இரைய ஆரம்பித்தது.

செம்பூரில் மூன்றாவது மாடி. பின்னறை ஜன்னலுக்குத் திரையில் வெளிச்சம் விழாதபடி கறுப்புத் தாள் ஒட்டியிருந்தாள். ஜூன் மழை தாளுக்கு அந்தப் பக்கம் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. கொடியில் காயாத துணியின் நாற்றமும், காற்று திரும்பும்போதெல்லாம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து வரும் கெரசின் நெடியும் அறைக்குள் கலந்து நின்றன. அறை வாசலில் கணவர் பத்ரிநாராயணன் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"சாரு, முலுண்டுக்கு நீ வரயா இல்லையா? அக்கா ஆத்துல பூஜை. கேப்பா."

"திங்கக்கிழமை பிரிண்ட் குடுக்கணும் பத்ரி. எத்தனை தடவை சொல்றது?"

"ஒண்ணுமே இல்லாத கறுப்பு இடத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

ஒண்ணுமே இல்லாத இடம். அவரிடம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். விருச்சிகத்துக்கு மேலே இருக்கும் அந்தக் கறுப்புத் திட்டு வானத்தில் விழுந்த ஓட்டை அல்ல. அது தூசி மேகம். அதன் பின்னால் ஆயிரக்கணக்கில் நட்சத்திரங்கள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. நமக்கும் அவற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நிற்கிறது, அவ்வளவுதான். மேகத்தின் விளிம்பில் தூசி மெலிந்த இடத்தில் மட்டும் நட்சத்திரங்கள் செங்கல் நிறத்தில் கசிந்து தெரியும். வானியல் சங்கத்தின் கண்காட்சியில் ஒரு முழுச் சுவர் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவளுக்கும் ஜஹாங்கீருக்கும்.

ஜஹாங்கீர் தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருப்பவன். மாட்டுங்காவில் நடந்த வானியல் சங்கக் கூட்டமொன்றில் பழக்கமாகி, இருவரும் பணம் போட்டுத் தொலைநோக்கி வாங்கி, வருஷம் இரண்டாகிறது. அமாவாசை நெருங்கும்போது முர்பாடுக்கு அப்பால் நகர வெளிச்சம் எட்டாத ஒரு பண்ணைக்குத் தொலைநோக்கியைத் தன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு போவான். எப்போதும் அவளும் கூடப் போவாள். மழைக்கு முந்தைய இந்தக் கடைசி வாய்ப்பில் ஆபீஸில் ஆடிட்டைக் காட்டி லீவு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். அவன் தனியாகப் போய் எடுத்து வந்திருந்தான். தான் போகாததுதான் எல்லாக் கோளாறுக்கும் காரணம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

புதுப் படம் வந்தது. முக்காலியில் இப்போது ஒரு கால்தான் இருந்தது.

போனை எடுத்தாள்.

"ஜஹாங்கீர், கேமரா சென்சாரைத் துடைச்சீங்களா இல்லையா?"

"தொடச்சேன்க்கா. போறதுக்கு முன்னால ஒரு வாட்டி, அங்க போயி ஒரு வாட்டி."

"அப்ப நடுவுல இவ்வளவு பெரிய கறை எப்படி வந்தது?"

"கறையா? மேகமா இருக்கும்லா."

"மேகம் எனக்குத் தெரியாதா? மேகத்தைவிடப் பெரிசா இருக்கு. ஓரத்து நட்சத்திரத்தையெல்லாம் முழுங்கிண்டு நிக்கறது. ஒரு தூசி துடைக்கறதுக்குக்கூட நான் வரணுமா?"

"என்னக்கா இப்படிச் சொல்லுதிய" என்றான். குரல் சுருங்கிவிட்டது. அவளுக்கும் ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க அப்புறம் நேரம் இருக்கும்.

அடுக்குவதை விட்டுவிட்டு, தனித்தனி ஃப்ரேம்களை எடுத்த வரிசையில் வைத்து ஒரு படம்போல ஓட்டிப் பார்த்தாள். முதலில் மேகம் தன் சரியான அளவில் இருந்தது. பிறகு பருத்தது. மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒரு நூலிழை. இரண்டாம் நாளின் முதல் ஃப்ரேமிலேயே அது விட்ட அளவைவிடப் பெரிதாக இருந்தது. பகலில் நின்றிருந்த மாதிரியே இல்லை.

தொலைநோக்கிக் கண்ணாடியில் பனி படிந்திருக்கும். பனி என்றால் நட்சத்திரங்கள் ஊதிப் பெருத்து மங்கும். இவை கூர்மையாக எரிந்து, விளிம்பில் செம்மை தட்டி, பிறகு காணாமல் போயின. தூசிதான் என்றால் அது சென்சாரில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கவேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நடுவில் தொலைநோக்கி தானாகவே இம்மியளவு திசை விலகும்படி ஜஹாங்கீர் அமைத்திருந்தான், தூசியைக் கண்டுபிடிப்பதற்கென்றே. வானத்தில் இருக்கும் பொருள் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும். கேமராவில் இருக்கும் அழுக்கு நகராது. இது நகரவில்லை, ஆனால் எந்த அழுக்கும் இப்படி வளராது. தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் அது படத்தின் நட்டநடுவுக்கு வந்து நின்றது. அங்கிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பெருத்தது.

சயான் பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும்போது நேராக வரும் லோக்கல் ரயில் அப்படித்தான் தெரியும். நகர்வதாகவே தோன்றாது. பெரிதாகிக்கொண்டு மட்டும் இருக்கும்.

அந்த நினைப்பை அவள் எரிச்சலோடு தள்ளிவிட்டாள். கேமராவில்தான் கோளாறு. நிரூபிக்க ஒரு வழி இருந்தது. மறுபடி அழைத்தாள்.

"டார்க் ஃப்ரேம் எடுத்து அனுப்புங்க. மூடியைப் போட்டு, அதே அஞ்சு நிமிஷம்."

"இந்த மழைலயா?"

"மூடி போட்டு எடுக்கறதுக்கு மழை என்ன, வெயில் என்ன? பட்டறைலயே வெச்சு எடுங்கோ."

அவன் சிரித்துவிட்டான். கோபம் போயிருந்தது. "சரிக்கா. ஆளுகளுக்கு இன்னைக்கி லீவுதான். சும்மாத்தான் ஒக்காந்திருக்கேன். லாப்டாப்பும் இங்கதான் கெடக்கு."

இருவருக்கும் பொதுவான ஃபோல்டர் ஒன்று இருந்தது. கேமரா எடுக்க எடுக்க ஃப்ரேம்கள் தாமாக அதில் வந்து விழும். மதியச் சாப்பாட்டுக்குப் பத்ரி மூடிவைத்துவிட்டுப் போன மோர்க்குழம்பை அவள் தொடவே இல்லை. முதல் ஃப்ரேம் வந்ததும் திறந்தாள். கறுப்பு. மூடி போட்ட கேமரா கறுப்பைத்தான் காட்டும். ஆனால் வெளிச்சத்தை இழுத்து உயர்த்தினால், அந்தக் கறுப்புக்குள் கேமராவின் சொந்தச் சூடு மணல் தூவியதுபோல் புள்ளிபுள்ளியாகத் தெரியும். எந்தக் கேமராவும் தன் இரைச்சலிலிருந்து தப்ப முடியாது.

இழுத்தாள். மணல் தெரிந்தது. மூலைகளில், ஓரங்களில், எங்கும் மணல்.

நடுவில் மட்டும் இல்லை.

வழவழவென்று ஒரு வட்டம். அதன்மேல் சுட்டியை வைத்து எண்ணைப் பார்த்தாள். பூஜ்யம். அதற்குப் பக்கத்தில், பூஜ்யம். அந்தக் கேமராவால் பூஜ்யம் காட்டவே முடியாது. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மூடி போட்டிருக்கிறது. மூடிக்கு வெளியே இருக்கும் எதையும் கேமரா பார்க்க முடியாது. அப்படியென்றால் இது மூடிக்கு உள்ளே இருக்கிறது.

"ஃபைல் கெட்டுப்போச்சு" என்று வெறும் அறையைப் பார்த்து உரக்கச் சொன்னாள். அடுத்த ஃப்ரேம் வந்தது. வட்டம் ஒரு நூலிழை பெரிது.

போன் அடித்தது. ஜஹாங்கீர்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"ஃபைல் எல்லாம் குப்பையா வர்றது. கேபிளை மாத்துங்கோ."

"அது இருக்கட்டும்க்கா. இங்க டியூப்லைட்டு செவப்பா தெரியுது."

"வோல்டேஜ் கம்மியா இருக்கும்."

"ஃபேன் நல்லாத்தான ஓடுது. என் கண்ணுலதான் கோளாறுன்னு கசக்கிக் கசக்கிப் பாத்தேன். அப்புறம் தையல் மெஷின எண்ணுனேன். நாலு மெஷின் இருக்கணும்லா. மூணுதான் தெரியுது."

மெஷின் கதையெல்லாம் அப்புறம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "சிவப்பு எங்க தெரியறது? ஒரு பக்கமாவா?"

"இல்லக்கா. சுத்தி. வளையம் மாதிரி. மேசை மேல கேமராவ வச்சிருக்கேன்லா, அதைச் சுத்தி."

மழை கண்ணாடியில் வழிந்தது.

"ஜஹாங்கீர். கேமராவை விடுங்கோ. மாடிலேந்து கீழ இறங்குங்கோ."

"அதெப்படிக்கா விட்டுட்டு வர. எடுத்துட்டே வாரேன். உங்க வீட்டுக்கே கொண்டாந்திருதேன், நீங்களே பாருங்க." செருப்பு தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. "மேசை எங்க போச்சு…"

பிறகு எதுவும் இல்லை. இணைப்பு அறுந்திருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருக்கும். அறவில்லை. திரையில் பேச்சு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் தகரக் கூரைமேல் பெய்யும் மழை, மேஜை விசிறி, தெருச் சத்தம், இதுவரை அவன் குரலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த எதுவுமே இப்போது இல்லை.

"ஹலோ? ஹலோ, ஜஹாங்கீர்?"

நெட்வொர்க் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படிக்கட்டில் இறங்கும்போதும், மழையில் கெஞ்சி ஒரு ஆட்டோவைப் பிடித்து உட்கார்ந்தபோதும், சயானில் தேங்கிய தண்ணீரில் வண்டிகள் நகராமல் ஹார்ன் அடித்துத் தீர்த்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். போய் நாலு வார்த்தை நன்றாகத் திட்டவேண்டும். இரண்டு வருஷ உழைப்பு. ஒரு கேபிளை ஒழுங்காகச் சொருகத் தெரியாதா? போன் காதோடு ஒட்டியே இருந்தது. நடுவில் ஒருமுறை ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். ஃப்ரேம்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்ததில் மணல் நான்கு மூலைகளில் மட்டும் மிச்சம் இருந்தது.

தொண்ணூறடி ரோட்டில் ஆட்டோவை விட்டு, சந்துக்குள் குடையை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. ஒரு வீட்டில் டிவி சத்தமாக ஓடியது. கீழே பட்டறைக் கதவு திறந்தே கிடந்தது. அடுக்கி வைத்த தோல், பசை டப்பா, அந்த மூக்கைத் துளைக்கும் நெடி. மாடிக்குச் செங்குத்தான இரும்பு ஏணி. பிடித்து ஏறத் தொங்கும் கயிறு. மேலே ஓட்டை வழியாக வெள்ளை வெளிச்சம் விழுந்தது.

"ஜஹாங்கீர்!"

ஏறினாள். கயிறு ஈரமாக இருந்தது. தலை தளத்துக்கு மேலே வந்ததும் நின்றாள்.

டியூப்லைட்டுகள் எல்லாம் எரிந்தன. சுவரோரம் பைகளின் கைப்பிடிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒரு மூலையில் விசிறி சுழன்றது. தகரத்தின்மேல் மழை கொட்டியது, ஓரங்களில் மட்டும். அறைக்கு நான்கு சுவர்கள் இருந்தன. நடு இல்லை.

இருட்டு என்று சொல்ல முடியாது. இத்தனை விளக்கு எரியும் இடத்தில் இருட்டு எங்கிருந்து வரும்? மேஜை இருக்கவேண்டிய இடத்தில், மெஷின்கள் இருக்கவேண்டிய இடத்தில், பார்வை போய் நின்றுவிட்டது. அதைச் சுற்றி எல்லாம் செங்கல் நிறமாக மங்கியிருந்தது. தரையின் பலகைகள் சிவந்து, இன்னும் சிவந்து, பிறகு இல்லை.

"அக்கா? வந்துட்டியளா?"

சாதாரணக் குரல். உள்ளிருந்து.

"ஜஹாங்கீர்! எங்க இருக்கீங்க?"

"இங்கதான்க்கா. கரண்டு போயிட்டுல்லா. ஏணி எந்தப் பக்கம்னே தெரியல."

அவள் தலைக்குமேல் டியூப்லைட் ரீங்கரித்தது.

"என் குரல் பக்கமா வாங்கோ. நேரா வாங்கோ."

"வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "ரொம்ப நேரமா நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்க்கா."

அந்த அறை பத்தடிதான் இருக்கும்.

இறங்கி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் காலையில் அவனிடம் சொன்ன சொல் நெஞ்சில் நின்றது. ஒரு கையால் கயிற்றைச் சுற்றிக்கொண்டாள். தளத்தில் முழங்காலை ஊன்றினாள். மற்றக் கையை நீட்டினாள்.

"கையை நீட்டுங்கோ. நான் பிடிச்சுக்கறேன்."

விரல்கள் சிவந்தன. மணிக்கட்டு சிவந்தது. பிறகு முழங்கைவரை அவளுடைய கை அங்கே இல்லை. வலிக்கவில்லை. குளிரவில்லை. காற்றே இல்லாத ஓர் இடத்தில் துழாவுவதுபோல் இருந்தது.

"இன்னும். இன்னும் கொஞ்சம்."

பிடித்தது.

உள்ளங்கையோடு உள்ளங்கை. இறுக்கமான, நிதானமான பிடி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பிடிச்சுட்டேன்! விடாதீங்கோ. இழுக்கறேன், வாங்கோ!"

உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தாள். கனமே இல்லை. வந்தது. கூடவே வந்தது.

"அக்கா?"

ஜஹாங்கீரின் குரல். வெகு தூரத்திலிருந்து. நடுவில் ஒரு ஊரே இருப்பதுபோல.

"யாரப் பிடிச்சிருக்கிய? நான் இன்னும் வரலையே."

இழுப்பதை நிறுத்தினாள். அந்தக் கை நிறுத்தவில்லை. அவளுடைய முழங்கை வெளியே வந்தது. மணிக்கட்டு. விரல்கள். அவற்றைச் சுற்றி வளைந்த வேறு விரல்கள், அவள் விரல்களைவிட நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு விளிம்பைத் தாண்டி டியூப்லைட்டுக்குக் கீழே வந்தன. நகமில்லை. ரேகையில்லை. மேடு பள்ளம் எதுவும் இல்லை. வெளிச்சம் அவற்றின்மேல் நன்றாக விழுந்தது. அதில் ஒரு துளியும் திரும்பி வரவில்லை.